ஈகிள் ஸ்கவுட்: 18 வயசுக்குள்ள முடிக்கணும்... அமெரிக்கச் சிறார்கள் வாங்கும் இந்தக் 'கழுகு' பதக்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கு?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென ஒரு போட்டோ வந்து விழும். காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், நெஞ்சில் சிவப்பு-வெள்ளை-நீல ரிப்பனில் தொங்கும் வெள்ளிக் கழுகு. நியூஜெர்சியில் இருக்கும் சித்தி, "நம்ம பையன் ஈகிள் ஆயிட்டான்" என்று கீழே போட்டிருப்பார். அடுத்த பத்து நிமிடத்தில் ஐம்பது கைதட்டல் எமோஜி. ஊரில் இருக்கும் பெரியப்பா மட்டும் தனியாக போன் போட்டுக் கேட்பார்: "ஏம்ப்பா, கழுகு ஆயிட்டான்னா என்ன அர்த்தம்?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் வேலைக்கான விண்ணப்பத்தில் ஐம்பது வயதுக்காரர்கூட 'ஈகிள் ஸ்கவுட்' என்று ஒரு வரி எழுதிவைப்பதுண்டு. நம் ஊரில் பத்தாம் வகுப்பில் மாவட்ட முதலிடம் வாங்கியதை யாரும் ஐம்பது வயதில் எழுதமாட்டார்கள். அப்படி என்ன இருக்கு இந்தக் கழுகில்? அதை வாங்க ஒரு பையனோ பொண்ணோ என்னவெல்லாம் செய்யணும்? முக்கியமாக, எல்லோரும் பேசும் அந்த 'சமூக சேவை ப்ராஜெக்ட்' என்பது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், இது விருதா?

கறாராகச் சொன்னால் விருது இல்லை. சாரணர் இயக்கத்தின் உச்சபட்சத் தரநிலை. ஆனால் விருது மாதிரிதான் எல்லோரும் பேசுகிறார்கள், அதனால் நாமும் அப்படியே சொல்வோம்.

1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ராணுவ அதிகாரி பேடன் பவல் இருபது சிறுவர்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்தின் தொடக்கம் அதுதான். அமெரிக்காவுக்கு 1910-ல் போனது. 'பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த அமைப்பின் பெயர், 2025 பிப்ரவரியில் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று மாறியது. ஏன் 'பாய்' போச்சு என்பதற்குப் பிறகு வருவோம்.

முதல் ஈகிள் ஸ்கவுட், நியூயார்க் மாகாணத்தின் லாங் ஐலண்ட் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்ரெட். ஆண்டு 1912. அதுவரை யாருமே அந்த நிலைக்கு வராததால், இயக்கத்தின் பெரிய தலைகளே உட்கார்ந்து அந்தப் பையனை நேர்காணல் செய்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை 25 லட்சம் பேருக்கு மேல் இந்தக் கழுகை வாங்கியிருக்கிறார்கள். எண்ணிக்கை பெரிதாகத் தெரியலாம். ஆனால் இயக்கத்தில் சேரும் நூறு பேரில் பத்துப் பேர்கூட கடைசிவரை போவதில்லை.

போனவர்களில் சிலரை நமக்கும் தெரியும். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன், நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க். அமெரிக்க அதிபர்களில் ஒரே ஒருவர்தான் ஈகிள்: ஜெரால்ட் ஃபோர்ட். அவருடைய இறுதிச் சடங்கின்போது சொந்த ஊரான கிராண்ட் ராப்பிட்ஸில் நூற்றுக்கணக்கான ஈகிள் ஸ்கவுட்கள் சீருடையில் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள்.

ஏழு படி, 21 பேட்ஜ்

சேரும்போது 'ஸ்கவுட்'. அப்புறம் டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், கடைசியாக ஈகிள். மொத்தம் ஏழு. ஃபர்ஸ்ட் கிளாஸ் வரை முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, முதலுதவி, காட்டில் திசை பார்ப்பது மாதிரியான அடிப்படைகள். அதற்கு மேலே போகும்போதுதான் மெரிட் பேட்ஜ் கணக்கு தீவிரமாகும்.

மெரிட் பேட்ஜ் என்பது ஒரு துறையில் சொல்லிவைத்த வேலைகளைச் செய்து காட்டினால் கிடைக்கும் வட்டத் துணி முத்திரை. 130-க்கும் மேற்பட்ட துறைகள் இருக்கின்றன. மீன் பிடிப்பதில் இருந்து அணு அறிவியல் வரை. ஈகிள் ஆக 21 வேண்டும். அதில் பாதிக்கு மேல் கட்டாயப் பட்டியலில் இருந்தே வரணும்: முதலுதவி, சமையல், முகாம், குடிமைப் பொறுப்பு, உடற்தகுதி, பண மேலாண்மை, குடும்ப வாழ்க்கை என்று அந்தப் பட்டியல் போகும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. சில பேட்ஜ்களைப் பணம் கொடுத்தோ, ராத்திரி கண்விழித்துப் படித்தோ முடிக்கவே முடியாது. பண மேலாண்மைக்கு 13 வாரம் தொடர்ந்து தன் வரவு செலவை எழுதிக் காட்டணும். உடற்தகுதிக்கு 12 வாரப் பயிற்சி. குடும்ப வாழ்க்கை பேட்ஜுக்கு வீட்டு வேலைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு 90 நாள் செய்யணும், பாத்திரம் கழுவுவது, குப்பை கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் கணக்கில் வரும். முகாம் பேட்ஜுக்கு 20 இரவு வெளியில் தூங்கியிருக்கணும். "எக்ஸாமுக்கு முந்தின நாள் பார்த்துக்கலாம்" பரம்பரையில் வந்த நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான விஷயம்தான்.

இது போக, லைஃப் நிலைக்கு வந்த பிறகு ஆறு மாதம் தன் குழுவில் ஒரு பொறுப்பை வகிக்கணும். குழுவை இங்கே ட்ரூப் என்பார்கள். ட்ரூப்பின் மூத்த தலைவராக இருக்கலாம், கணக்கெழுதுபவராக இருக்கலாம், சாமான் அறைக்குப் பொறுப்பாளராக இருக்கலாம். இதில் ஒரு வேடிக்கை: புகல் ஊதும் பொறுப்பு ஸ்டாருக்கும் லைஃபுக்கும் செல்லும், ஈகிளுக்குச் செல்லாது. அதிகாலையில் எழுந்து எல்லோரையும் எழுப்பிவிட்ட பையன்மேல் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று தெரியவில்லை.

காலண்டர்தான் வில்லன்

பதினெட்டாவது பிறந்த நாளுக்கு முன்பு எல்லாவற்றையும் முடித்திருக்கணும். ஒருநாள் தாண்டினாலும் போச்சு. கடைசி நேர்காணல் மட்டும் அதற்குப் பிறகு நடக்கலாம்.

"அதான் நிறைய டைம் இருக்கே" என்று தோணும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸில் இருந்து ஸ்டாருக்குக் குறைந்தது 4 மாதம். ஸ்டாரில் இருந்து லைஃபுக்கு 6 மாதம். லைஃபில் இருந்து ஈகிளுக்கு 6 மாதம். மொத்தம் 16 மாதம், ஒரு நாள்கூட வீணாகாமல் போனால். அதாவது 16 வயது 8 மாதத்துக்குள் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்காத பையனுக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், ஈகிள் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம்.

அந்த வயதில்தான் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு டிரைவிங் லைசன்ஸ் வருகிறது, காலேஜ் அட்மிஷன் வேலை வருகிறது, காதலும் வருகிறது. சாரணர் வட்டாரத்தில் இதைப் பற்றி ஒரு பழைய ஜோக் உண்டு: ஸ்கவுட் பசங்களைக் கெடுப்பது இரண்டு வாசனை, ஒன்று பெட்ரோல், இன்னொன்று பெர்ஃப்யூம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம்: சர்வீஸ் ப்ராஜெக்ட்

தொடக்க காலத்தில் ஈகிள் ஆக பேட்ஜ்கள் போதும். சேவை ப்ராஜெக்ட் ஒன்றைச் செய்தே ஆகணும் என்ற விதி 1965-ல் வந்தது. இன்று ஈகிள் என்றாலே இந்த ப்ராஜெக்ட்தான் பேச்சு.

விதியில் மூன்று வினைச்சொற்கள் இருக்கின்றன: திட்டமிடணும், உருவாக்கணும், மற்றவர்களுக்குத் தலைமை தாங்கணும். ஒரு வழிபாட்டுத் தலத்துக்கோ, பள்ளிக்கோ, தன் சமூகத்துக்கோ பயன்படுவதாக இருக்கணும். சாரணர் அமைப்புக்கே செய்துகொள்வது செல்லாது. லாப நோக்கில் நடக்கும் கடைக்கோ கம்பெனிக்கோ செய்வதும் செல்லாது. புல் வெட்டுவது மாதிரியான வழக்கமான பராமரிப்பு வேலையும் ஏற்கமாட்டார்கள். நிதி திரட்டுவதே ப்ராஜெக்ட்டாக இருக்கக் கூடாது. ப்ராஜெக்ட்டுக்கான மரம், ஆணி, பெயின்ட் வாங்க நிதி திரட்டிக்கொள்ளலாம், அதற்கும் தனி விண்ணப்பம் இருக்கு.

குறைந்தது இத்தனை மணி நேரம் என்ற விதி இருக்கா? இல்லை. நிறைய பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அது புள்ளிவிவரத்துக்காக. நூறு மணி நேரம் தனியாக உட்கார்ந்து ஒரு பையன் பெஞ்ச் செய்தால், பெஞ்ச் அருமையாக இருக்கலாம், ஆனால் ஈகிள் ப்ராஜெக்ட் ஆகாது. தன்னைத் தவிர குறைந்தது இரண்டு பேரையாவது வழிநடத்தியிருக்கணும்.

என்னைக் கேட்டால் இந்த விதிதான் மொத்த ஏற்பாட்டின் உயிர். சேவை செய்வது ஒரு நல்ல பையனால் முடியும். இன்னொருத்தரைச் சேவை செய்ய வைப்பது வேறு வித்தை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தூக்கத்தை விட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல், தன் வயதுப் பசங்களையும் அப்பா வயது ஆட்களையும் வரவைத்து, அவர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்து, தப்பாகச் செய்தவரிடம் மனம் நோகாமல் "அங்கிள், இதை மறுபடி கழட்டணும்" என்று சொல்லணும். முப்பது வயதில் மேனேஜர் ஆனவர்களே இதில் திணறுவதை நாம் தினமும் ஆபீசில் பார்க்கிறோமே!

ஒரு கற்பனைப் பையன், ஒரு நிஜமான நடைமுறை

புரிவதற்காக ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 17. அவன் ஊரில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக மளிகைப் பொருள் கொடுக்கும் ஃபுட் பேன்ட்ரி ஒன்று இருக்கிறது. டின்களும் அரிசிப் பைகளும் தரையில் குவிந்து கிடக்கின்றன. அங்கே உதவ வரும் வயதான பெண்மணிகள் குனிந்து குனிந்து எடுக்கிறார்கள். பையன் பார்க்கிறான். "அலமாரி செஞ்சு கொடுத்தா என்ன?" என்று தோன்றுகிறது.

நம் ஊராக இருந்தால் உடனே கார்ப்பென்டரைக் கூப்பிட்டிருப்போம். இவன் அப்படிச் செய்ய முடியாது. ஒர்க்புக் என்று ஒரு தொகுப்பு இருக்கு. முதல் பகுதி ப்ரபோசல்: என்ன செய்யப் போகிறாய், யாருக்குப் பயன், என்னென்ன பொருள் தேவை, தோராயமாக எவ்வளவு செலவு, என்ன ஆபத்து வரலாம். இதில் நான்கு கையெழுத்து வேண்டும். பேன்ட்ரி நிர்வாகி, ஸ்கவுட் மாஸ்டர், ட்ரூப் கமிட்டி, மாவட்ட அல்லது கவுன்சில் அளவிலான பிரதிநிதி. நாலு கையெழுத்தும் வராமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. முதலில் வேலையை முடித்துவிட்டு அப்புறம் பேப்பர் தயார் பண்ணலாம் என்று நினைத்தால் ப்ராஜெக்ட்டே செல்லாமல் போகும்.

பேன்ட்ரி நிர்வாகி கேட்பார்: "அலமாரி எவ்வளவு எடை தாங்கும்?" பையனிடம் பதில் இருக்காது. போய்த் தெரிந்த தச்சரிடம் கேட்பான். கட்டடம் வாடகைக் கட்டடம், சுவரில் துளை போடக் கூடாது என்று அப்போதுதான் தெரியவரும். வரைபடம் மாறும். ஹார்டுவேர் கடையில் போய் மரத்துக்குத் தள்ளுபடி கேட்கணும். முதல் கடைக்காரர் இல்லை என்பார். ட்ரூப் பசங்களுக்கு மெசேஜ் போடணும். இருபது பேர் "வர்றேன்" என்பார்கள், வேலை நாளில் ஒன்பது பேர் நிற்பார்கள். இந்த ஒன்பது பேருக்கு என்ன வேலை, யாருக்கு எது, மதியம் என்ன சாப்பாடு, கை வெட்டிக்கொண்டால் முதலுதவிப் பெட்டி எங்கே, எல்லாம் அவன் யோசிக்கணும். ஆபத்தான சில மின் கருவிகளைப் பெரியவர்கள்தான் இயக்கலாம் என்பதால், அதற்குத் தெரிந்த ஆளையும் அவனே பிடிக்கணும்.

பாதி வேலையில் ஒரு அலமாரி ஆடும். அளவு தப்பு. யார் தப்பு? பலகையை அறுத்தவர் வேறு யாராகவும் இருக்கலாம். அளவைக் கொடுத்தது அவன்.

முடிந்த பிறகு அறிக்கை. அதில் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: திட்டத்தில் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது? எது கஷ்டமாக இருந்தது? தலைவராக இருப்பதில் எது ரொம்பச் சிரமம்? என்ன கற்றுக்கொண்டாய்? சொதப்பியதை மறைத்து எழுத இடமே இல்லாத மாதிரி கேட்டிருக்கிறார்கள். ஆடிய அலமாரிதான் அந்த அறிக்கையின் நல்ல பக்கமாக அமையும். கடைசியில் பயன்பெற்ற அமைப்பும் ஸ்கவுட் மாஸ்டரும் கையெழுத்திட்டால்தான் ப்ராஜெக்ட் முடிந்ததாக அர்த்தம்.

அலமாரி ஒரு உதாரணம்தான். பூங்காவில் நடைபாதை போடுவது, பள்ளி மைதானத்தில் தனியாக நிற்கும் குழந்தைகள் உட்கார 'பட்டி பெஞ்ச்' அமைப்பது, மாற்றுத்திறனாளி வீட்டுக்குச் சாய்தளம் கட்டுவது, பழைய கல்லறைத் தோட்டத்தில் கற்களைச் சுத்தம் செய்து வரைபடம் தயாரிப்பது என்று நிறைய வகை. கட்டடவேலைதான் செய்யணும் என்றும் இல்லை. ஒரு விழிப்புணர்வு முகாமை முழுதாக ஏற்பாடு செய்து நடத்தினாலும் போதும். இரட்டைப் பிள்ளைகளாக இருந்தாலும் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒருவருக்குத்தான் கணக்கு. தம்பிக்குத் தனி அலமாரி தேடணும்.

அப்பா அம்மா எங்கே நிற்கணும்?

இது கொஞ்சம் சங்கடமான பகுதி. ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்குத் தெர்மாகோல் எரிமலை செய்தது யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். (எனக்கு எங்க அப்பா செய்தார். பரிசும் கிடைத்தது.) அதே ஆசை அங்கேயும் இருக்கு. விலை உயர்ந்த காலேஜ், கடும் போட்டி, விண்ணப்பத்தில் ஒரு நல்ல வரி வேண்டும். அப்பா ஸ்ப்ரெட்ஷீட் போடுவார், அம்மா வாலண்டியர்களைப் பிடிப்பார், பையன் ரிப்பன் வெட்டுவான்.

விதிப்படி பெற்றோர் உதவலாம். வண்டி ஓட்டலாம், பலகை தூக்கலாம், ஆலோசனை சொல்லலாம். முடிவு எடுப்பது பிள்ளையாக இருக்கணும். இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பெரும்பாலும் கேள்வியிலேயே தெரிந்துவிடும். "அந்த இடத்துக்கு ஏன் இந்த ஸ்க்ரூ போட்டே?" என்று கேட்டால், செய்த பிள்ளை கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும். செய்யாத பிள்ளை அப்பா முகத்தைத் தேடும்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு விஷயமும் இருக்கு. வட அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் சில பிள்ளைகளுக்கு, தாத்தா பாட்டி ஊரில் உள்ள பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்று ஆசை வரும். அனுமதி உண்டா? உண்டு. 'சமூகம்' என்ற சொல்லை உலகச் சமூகம் வரைக்கும் நீட்டிப் படிக்க விதியில் இடம் இருக்கு. ஆனால் இங்கே மாமா போய்ப் புத்தகம் வாங்கி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பினால், மாமாதான் தலைமை தாங்கினார் என்று ஆகும். புத்தகம் சேகரிப்பதை அங்கே பத்துப் பேரை வைத்துப் பையன் நடத்தியிருக்கணும், எந்த வகுப்புக்கு என்ன புத்தகம் தேவை என்று பள்ளியிடம் அவனே கேட்டிருக்கணும். தமிழ்வழிப் பள்ளிக்கு ஒரு பெட்டி ஆங்கில நாவல் வந்து சேர்ந்தால் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அர்த்தம். வாரக் கடைசியில் அமெரிக்காவிலேயே நடக்கும் தமிழ்ப் பள்ளிக்குச் செய்வதும் விதிக்குள் வரும்.

கடைசிக் கதவு: போர்டு ஆஃப் ரிவ்யூ

மூன்று முதல் ஆறு பெரியவர்கள் உட்காருவார்கள். எல்லோரும் 21 வயதுக்கு மேல். பெற்றோர், உறவினர் அதில் இருக்க முடியாது. பேட்ஜ் பாடங்களை மறுபடி பரீட்சை வைக்கமாட்டார்கள், முடிச்சுப் போடச் சொல்லமாட்டார்கள். ப்ராஜெக்ட்டைப் பற்றி, ட்ரூப்பில் இருந்த அனுபவத்தைப் பற்றி, இனிமேல் என்ன செய்யப்போகிறாய் என்பது பற்றிப் பேசுவார்கள். எல்லோரும் ஒருமனதாக ஏற்கணும். ஒருவர் மறுத்தாலும் நிறுத்திவைப்பார்கள். மேல்முறையீடு செய்ய வழி இருக்கு.

இதெல்லாம் முடிந்து தேசிய அலுவலகம் அங்கீகரித்த பிறகு நடப்பதுதான் 'கோர்ட் ஆஃப் ஹானர்' என்ற விழா. நம் வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ அங்கே எடுத்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சின்ன பின் ஒன்று குத்திவிடுவான். தனக்கு வழிகாட்டிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கும் ஒன்று.

பெண்கள் கதை: இரண்டு வழி

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஈகிள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். அண்ணனோடு எல்லா முகாமுக்கும் போய், அதே மலையை ஏறி, அதே வேலையைச் செய்த தங்கைக்கு ஒன்றும் கிடையாது. 2017-ல் மாற்றம் அறிவித்தார்கள். 2019 பிப்ரவரியில் பெண்கள் சேர ஆரம்பித்தார்கள். 2021 பிப்ரவரியில் முதல் தொகுதியாகக் கிட்டத்தட்ட ஆயிரம் பெண்கள் ஈகிள் ஆனார்கள். இரண்டே வருடம்! நடுவில் கொரோனா ஊரடங்கு வேறு. மேலே போட்ட 16 மாதக் கணக்கை நினைத்துக்கொண்டு இந்தத் தேதிகளைப் பாருங்கள், எவ்வளவு வெறியோடு ஓடியிருப்பார்கள் என்று புரியும். 'பாய்' என்ற சொல் பெயரில் இருந்து போனதற்கான பின்னணி இதுதான்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத தனி அமைப்பு, கேர்ள் ஸ்கவுட்ஸ். 1912-ல் ஜார்ஜியா மாகாணத்தின் சவன்னா நகரில் ஜூலியட் கார்டன் லோ தொடங்கியது. அவர்களுடைய உச்ச விருது 'கோல்ட் அவார்ட்'. பெயர் 1980-ல் வந்தது, அதற்கு முன் வேறு வேறு பெயர்களில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண்கள் முயற்சி செய்யலாம். இங்கே 80 மணி நேரம் என்று ஒரு வழிகாட்டு அளவு உண்டு.

இரண்டுக்கும் கேள்வி கொஞ்சம் வேறு. பேன்ட்ரியில் அலமாரி செய்து கொடுத்தால் ஈகிளுக்குப் போதும். கோல்ட் அவார்டில், "பேன்ட்ரிக்கு மக்கள் ஏன் வர வேண்டியிருக்கு? மூலகாரணம் என்ன? நீ காலேஜ் போன பிறகும் இது நடக்குமா?" என்று கேட்பார்கள். பிரச்சினையின் வேரைத் தொடணும், வேலை தொடர்ந்து நடக்கணும், பலனை அளந்து காட்டணும். அந்த வகையில் கோல்ட் அவார்ட் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் பொதுவெளியில் ஈகிளுக்கு இருக்கும் மவுசு இதற்கு இன்னும் இல்லை. காரணத்தை நீங்களே யூகித்திருப்பீர்கள்.

கறையும் இருக்கு

ஈகிள் கதையைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. சாரணர் அமைப்பில் பெரியவர்களால் சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பல ஆண்டுகள் மூடி மறைக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய ஆட்களைப் பற்றி அமைப்பு ரகசியமாக வைத்திருந்த கோப்புகள், நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2012-ல் வெளிவந்தன. வழக்குகள் குவிந்ததும் 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் பாதுகாப்பு கோரியது. 82,000-க்கும் அதிகமானவர்கள் பாதிக்கப்பட்டதாக மனு கொடுத்தார்கள். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இப்போது எந்த நிகழ்ச்சியிலும் பதிவு பெற்ற பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கணும், எந்தப் பெரியவரும் ஒரு சிறாருடன் தனியாக இருக்கக் கூடாது, எல்லா வாலண்டியர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், ட்ரூப்பில் இந்த விதிகள் உண்மையிலேயே நடக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. கேட்டால் முகம் சுளிக்கிற ட்ரூப் என்றால் வேறு ட்ரூப் பார்க்கலாம்.

வாங்கினா என்ன லாபம்?

நேரடியாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். அமெரிக்க ராணுவத்தில் சேரும் ஈகிள் ஸ்கவுட் அடிமட்டத்தில் இருந்து தொடங்காமல் ஒரு படி மேலான சம்பள நிலையில் சேரலாம். சில கல்வி உதவித்தொகைகள் ஈகிள்களுக்கு மட்டும் இருக்கின்றன. காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா என்றால், உதவலாம், ஆனால் சீட்டு உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காக மட்டும் ஆறேழு வருடம் கூடாரத்தில் தூங்குவது ரொம்பக் கஷ்டமான வழி.

நம்ம ஊர்ல இது இல்லையா?

இருக்கு. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்று ஏறி, ஆளுநர் கையெழுத்திட்ட ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் குடியரசுத் தலைவர் பெயரால் ராஷ்டிரபதி விருது என்று படிகள் உண்டு. அரசுப் பள்ளிகளிலேயே இந்த இயக்கம் நடக்கிறது. இலங்கையிலும் ஜனாதிபதி சாரணர் விருது இருக்கு.

சென்னைக்கு இதில் ஒரு பழைய உறவும் உண்டு. 1909-ல் பெங்களூருவில் சாரணர் இயக்கம் தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும்தான் இடம். இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்றார்கள். அதற்குப் பதிலாகத்தான் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, 1916-ல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் பல அமைப்புகள் இணைந்து இன்றைய பாரத சாரணர் அமைப்பு உருவானது.

நானும் பள்ளியில் ஸ்கார்ஃப் கட்டியவள்தான். துவிதிய சோபானோடு நின்றுவிட்டேன். பத்தாம் வகுப்பு வந்ததும், "இனிமே படிக்கிற வேலையைப் பாரு" என்று வீட்டில் ஸ்கார்ஃபை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார்கள்.

ஆகவே, பெரியப்பா மாதிரி உங்களுக்கும் அந்த போட்டோ வந்திருந்தால், அடுத்த வீடியோ காலில் பையனிடமோ பொண்ணிடமோ "கங்கிராட்ஸ்" சொல்லி முடித்துவிட வேண்டாம். "ப்ராஜெக்ட்ல என்ன சொதப்புச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரமாவது பேசுவார்கள்.